மானியத்தின் வரிசை: சங்கீத நாடக அகாடமியும் தெருக்கூத்தும்

1953 ஜனவரி 28 அன்று தில்லியில் சங்கீத நாடக அகாடமியைக் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். அதன் முதல் தலைவர் பி. வி. இராஜமன்னார், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, தெலுங்கில் நாடகங்கள் எழுதியவர். சமஸ்தானங்களும் ஜமீன்களும் மறைந்துகொண்டிருந்த காலம் அது. அரசர்களின் ஆதரவை இழந்த கலைகளை மக்களாட்சி அரசு தாங்க வேண்டும் என்று கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் வாதிட்டார். அந்த வாதம் நியாயமானது. ஆனால் எந்தக் கலையை எந்த வரிசையில் வைத்து அரசு தாங்கியது என்று கேட்டாக வேண்டும். தேசிய அடையாளத்தை உருவாக்கியதில் ஒதுக்கப்பட்ட தொகையைவிட அந்த வரிசைக்கே பங்கு அதிகம் என்பது என் துணிபு.

அகாடமியின் விருதுகளும் விழாக்களும் மானியங்களும் செவ்வியல், நாட்டார் என்ற பிரிவினையின் மேல் நின்றன. இது தொன்மையோ இலக்கணமோ தானாக வகுத்துத் தந்த பிரிவினை அன்று. தேவதாசிகள் ஆடிய, சதிர் என்று இகழப்பட்ட ஆட்டம் பரதநாட்டியமாகி மேடையேறியது 1930களில்தான். கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது 1947இல். எட்டே ஆண்டுகளில், 1955இல், அந்தத் தேவதாசி மரபில் பிறந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு அகாடமி விருது கிடைத்தது. ஒடிசி நடனத்தின் செவ்வியல் தகுதி 1958இல் அகாடமி கூட்டிய நாட்டியக் கருத்தரங்கில் விவாதிக்கப்பட்டு, அதன்பின் ஏற்கப்பட்டது. அஸ்ஸாமின் சத்திரியா நடனம் அந்தத் தகுதிக்கு 2000 வரை காத்திருந்தது. அறிஞர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தால் எல்லைக்கோடு நகரும் என்பதற்கு இவையே சான்று. அடவும் தாளமும் இராகமும் நெடிய குருகுலப் பயிற்சியும் உடைய தெருக்கூத்துக்கோ அந்தக் கோடு நகரவில்லை.

இதன் விளைவு மேடையில் தெரிகிறது. செவ்வியல் கலைஞருக்குத் தனிக் கச்சேரி உண்டு. அவர் பெயரும் குருவின் பெயரும் அறிவிக்கப்படும். குடியரசு நாளையொட்டி 1950களில் வேரூன்றிய நாட்டார் ஆடல் விழாக்களுக்குச் சென்ற குழுக்கள் மாநிலத்தின் பெயரால் அறியப்பட்டன. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நீளும் கூத்து, விழா மேடைக்கென்று சில நிமிட ஆட்டமாகச் சுருங்கியது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஊர்க்கதை பேசி அதிகாரத்தை இடித்துரைப்பது இந்தச் சுருக்கத்தில் முதலில் போயிற்று. வேற்றுமையில் ஒற்றுமை என்ற காட்சிக்கு வண்ணம் போதும், வாய் வேண்டாம் என்று ஆயிற்று. இதை நான் சிறிய இழப்பாகக் கருதவில்லை. ஒரு குடிமகன் தன் தேசத்தோடு வாதாடும் இடமே அங்கு அடைபட்டது.

  

அரசு இல்லாமல் கூத்து அழிந்திருக்கும் என்பார்க்கு விடை வடதமிழ்நாட்டில் இருக்கிறது. திருவண்ணாமலை, காஞ்சிபுரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா நடக்கையில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதியில் துரியோதனன் வீழும் படுகளம். ஜமா எனப்படும் கூத்துக் குழுவுக்குப் பணம், ஊரில் குடும்பவாரியாக வசூலாகும் தலைக்கட்டு வரியிலிருந்து வருகிறது. கூத்தின் புரவலர் ஊர்தான். அரசிடமிருந்து அதற்குத் தேவைப்பட்டது மதிப்பும், நலிந்த கலைஞருக்கு ஓய்வூதியமும், கூத்து வாத்தியாரின் பயிற்சிக்கு ஏற்பும். தமிழக அரசு 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைத்தது தாமதமானாலும் சரியான திசையில் வைத்த அடி.

அகாடமியின் முதல் தலைவராக இருந்த அதே இராஜமன்னார், 1969இல் தமிழக அரசு அமைத்த மத்திய–மாநில உறவுக் குழுவுக்குத் தலைமை ஏற்று, 1971இல் மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்று அறிக்கை தந்தார். அந்த அறிக்கையின் தர்க்கத்தைப் பண்பாட்டு நிதிக்கும் நீட்ட வேண்டும் என்பேன். 1980களின் நடுவில் ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்கள் உருவாகி, தென்மண்டலத்துக்குத் தஞ்சாவூர் இடமானது. பரவலாக்கம் அந்த அளவில் நின்றுவிட்டது. எந்த ஜமாவுக்கு எத்தனை இரவு என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மாவட்டத்துக்கும், அங்கிருந்து ஊருக்கும் இறங்க வேண்டும். ஊர் திரட்டும் தொகைக்கு ஈடாக அரசு ஒரு பங்கு தரலாம். முழு இரவுக் கூத்து என்பதே நிபந்தனையாக இருக்கலாம்.

ஆனால் ஊர் என்பது எல்லாரையும் உள்ளடக்கிய சொர்க்கமன்று. சேரிக் குடும்பங்களிடம் தலைக்கட்டு வரி வாங்க மறுக்கும் ஊர்கள் உண்டு. வரி வாங்காவிட்டால் விழாவில் உரிமையும் இல்லை. சாவுக்கு அடிக்கும் கருவி என்று ஒதுக்கப்பட்ட பறையை 2007இல் சென்னை சங்கமம் விழா நகரின் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தபோது, ஊர் தராத மதிப்பை நகர மேடை தந்தது. எனவே அரசின் பங்கு எந்த ஊருக்குப் போனாலும், அங்கே எல்லாத் தலைக்கட்டுகளிடமும் வரி பெறப்பட்டதா, எல்லாத் தெருக்களுக்கும் விழாவில் உரிமை உண்டா என்பதைச் சரிபார்த்த பின்னரே அது விடுவிக்கப்பட வேண்டும்.