விரதம் முடிந்த மறுநாள்: காந்தியின் கெண்டைக்கால் வலி

இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே யாராவது ஒருத்தர் '72 மணி நேரம் வெறும் தண்ணி மட்டும்தான் குடிச்சேன்'னு சொல்லிக்கிட்டிருக்காங்க. அதுக்கு ஒரு ஆப், எலெக்ட்ரோலைட் பாக்கெட், 'ஃபாஸ்டை எதை வெச்சு முடிக்கணும்'னு தனி வீடியோ. பார்க்கப் புதுசா இருக்கு. ஆனால் இந்த முன்தயாரிப்பையும் மீள்வதையும் ஒரு மனிதர் நூறு வருடங்களுக்கு முன்பே தன் உடம்பில் சோதித்து, அடிபட்டு, எழுதியும் வைத்திருக்கிறார். அவர் காந்தி.

அவருடைய அரசியல் உண்ணாவிரதங்கள் நமக்குப் பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டன. இன்னைக்கு நாம பேசப்போறது அவருடைய கெண்டைக்கால் சதையைப் பற்றி.

முதலில் தென்னாப்பிரிக்கா. ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் 1910இல் டால்ஸ்டாய் பண்ணை தொடங்குகிறது. நிலம் காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக்குடையது. பண்ணையில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. முஸ்லிம் பையன்கள் ரம்ஜான் நோன்பு வைத்தபோது மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏகாதசி விரதமும் உண்டு. ஆனால் இதெல்லாம் ஒரு நாள், ஒரு வேளைக் கணக்கு. சாயங்காலமோ மறுநாளோ சாப்பாடு வந்துவிடும். நம்ம ஊர் வைணவ வீடுகளில் விரதத்தை முடிப்பதற்கென்றே 'பாரணை' என்று தனிச் சொல் இருக்கிறது. துவாதசி காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று இலையில் என்ன இருக்க வேண்டும் என்பதுகூட முடிவான விஷயம். தலைமுறை தலைமுறையாகச் செய்கிற விரதத்தில் அந்த வசதி உண்டு, முடிப்பது எப்படி என்று யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். காந்தி அடுத்து இறங்கிய நீண்ட விரதங்களுக்கு அப்படி ஒரு வழக்கம் அவர் கையில் இல்லை.

1913இல் ஃபீனிக்ஸ் ஆசிரமத்தில் இரண்டு பேர் ஒழுக்கம் தவறிய செய்தி ஜோகன்னஸ்பர்க்கில் இருந்த காந்திக்கு வருகிறது. ரயிலில் போகும்போதே முடிவெடுக்கிறார்: 7 நாள் பட்டினி, அதற்குப் பிறகு நாலரை மாதம் ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. அந்த 7 நாள் சுலபமாகவே போனது. தினமும் கூனே குளியல் எடுத்தார். ஜெர்மன்காரர் லூயி கூனே பிரபலப்படுத்திய, இடுப்பு வரை குளிர்ந்த நீரில் உட்காரும் சிகிச்சை அது. (கூனேயின் மருத்துவக் கொள்கைகளை அப்படியே நம்பச் சொல்லவில்லை. தினமும் உடம்பைக் கவனிக்க ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான்.)

பிரச்சினை அடுத்ததில். 1914இல் 14 நாள் விரதம். முதல் தடவை ஈஸியா முடிஞ்சதால இந்தத் தடவை அலட்சியம். குளியலை இரண்டு மூன்று நாளில் விட்டுவிட்டார். தண்ணீர் குடித்தால் குமட்டியது, அதனால் தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். தொண்டை வறண்டு, கடைசி நாட்களில் மிகத் தாழ்ந்த குரலில்தான் பேச முடிந்தது. விரத முறை அப்போது தனக்குத் தெரியாது என்று சுயசரிதையில் அவரே எழுதுகிறார்.

அதைவிட மோசமானது விரதம் முடிந்த பிறகு நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் கஸ்தூர்பாவோடும் காலன்பாக்கோடும் லண்டனுக்குக் கப்பல் ஏறுகிறார். கோகலேயைப் பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பயணம்தான், ஆனாலும் பழமும் கொட்டைப் பருப்பும் கிடைக்க ஏற்பாடு இருந்தது. விரதம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. இழந்த பலத்தைச் சீக்கிரம் மீட்கணும், நல்லாப் பசிக்கணும், சாப்பிட்டது செரிக்கணும் என்று கப்பலின் மேல்தளத்தில் நடக்க ஆரம்பித்தார். நடக்க நடக்கக் கெண்டைக்காலில் வலி. லண்டன் போய்ச் சேர்ந்தபோது, தென்னாப்பிரிக்காவில் இருந்ததைவிட உடம்பு மோசம்.

லண்டனில் ஜீவராஜ் மேத்தா என்ற இளம் மருத்துவர் அவரைப் பார்த்தார். பிற்காலத்தில் குஜராத்தின் முதல் முதலமைச்சர் ஆனவர் இவர்தான். விரதக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, சில நாள் முழு ஓய்வு எடுக்காவிட்டால் கால்கள் செயலிழந்து போகும் அபாயம் உண்டு என்றார். பட்டினி கிடப்பதைவிடப் பட்டினியிலிருந்து வெளியே வருவதற்குத்தான் அதிகக் கட்டுப்பாடு தேவை என்பது காந்திக்கு அங்கேதான் உறைத்தது.

இதில் உடம்பு என்ன செய்கிறது? பட்டினியின் முதல் நாள் கல்லீரலில் சேமித்த சர்க்கரை செலவாகிறது. பிறகு உடம்பு கொழுப்புக்கு மாறுகிறது, கொஞ்சம் தசையையும் கரைக்கிறது. இன்சுலின் குறைகிறது. இந்த நிலையில் திடீரென்று நிறைய மாவுச்சத்தும் இனிப்பும் உள்ளே போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்படும். ஏற்கெனவே கையிருப்பு குறைவு. ரத்தத்தில் அவை அதிகமாகச் சரிந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, பட்டினியில் மீட்கப்பட்டவர்களில் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோனதை மருத்துவர்கள் கண்டார்கள். இதற்கு ஆங்கிலத்தில் ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர். கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாமல் 5 நாளுக்கு மேல் போனவர்களை மருத்துவர்கள் இன்று இந்த ஆபத்து உள்ளவர்களாகவே நடத்துகிறார்கள். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கும், கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், சாப்பாட்டோடு ஏற்கெனவே சண்டை உள்ளவர்களுக்கும் ஆபத்துக்கு அவ்வளவு நாள்கூடத் தேவையில்லை. காந்திக்கு வந்தது இதேதான் என்று நான் சொல்லவில்லை. கால் வலிக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். அவசரம் மட்டும் அதே அவசரம்தான்.

லண்டனில் அவருக்கு நுரையீரல் உறை அழற்சியும் வந்தது. பால் குடிக்கச் சொல்லிக் கோகலேயும் டாக்டர்களும் மன்றாடினார்கள், மனுஷன் அசையவில்லை. டிசம்பரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறும்போது விலா எலும்பைச் சுற்றி மேத்தா ஒட்டிய பிளாஸ்டர். செங்கடல் வரும்வரை கழற்றக் கூடாது என்று உத்தரவு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டார்! நல்ல பேஷன்ட் இல்லை.

நாலு வருஷம் கழித்து, 1918இல், அதே கதை வேறு மாதிரி. லேசான வயிற்றுக்கடுப்பு. பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்று அவருக்கே தெரியும். ஆனால் அன்று ஏதோ பண்டிகை. கஸ்தூர்பா கோதுமையில் இனிப்புக் கஞ்சி வைத்திருந்தார். கொஞ்சம்தானே என்று ஆரம்பித்து வயிறு நிறையச் சாப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் கடுப்பு உச்சத்துக்குப் போய், கடைசியில் மரண வாசல் வரை கொண்டுபோனது.

1925இல் சபர்மதியில் மறுபடியும் 7 நாள் விரதம், காரணமும் பழையதுதான்: ஆசிரமத்துப் பிள்ளைகளின் தவறு. அப்போது வயது 56. ஆனால் இந்தத் தடவை முடிந்த கையோடு டிசம்பரில் 'யங் இந்தியா'வில் விரதம் இருக்கிறவர்களுக்கான குறிப்புகளை எழுதினார். ஆரம்பத்திலிருந்தே உடல் பலத்தையும் மன பலத்தையும் சேமிக்கணும். சாப்பாட்டைப் பற்றி நினைக்கக் கூடாது. தினமும் வெதுவெதுப்பான நீரில் உடம்பைத் துடைக்கணும். முடிந்தவரை தூங்கணும். தண்ணீர் நிறையக் குடிக்கணும், ஆனால் ஒரே மூச்சில் இல்லை. 1914இல் குமட்டலுக்குப் பயந்து தம்ளரைத் தள்ளிவைத்தவர் இப்போது அதற்கும் வழி சொல்கிறார்: கொஞ்சம் உப்பும் சோடாவும் போட்டுக்கொள்ளலாம், கொஞ்சம் கொஞ்சமாக.