மைட்டோகாண்ட்ரியா தசை நோய்களைக் கண்டறிய உதவும் உடற்பயிற்சிப் பரிசோதனை

சிறிது தூரம் நடந்தாலோ மாடிப்படி ஏறினாலோ தசைகள் அளவுக்கு மீறிச் சோர்வடைவதும், மூச்சு வாங்குவதும், இதயம் படபடப்பதும் மைட்டோகாண்ட்ரியா தசை நோய்களின் முக்கிய அறிகுறிகளாகும். ஆனால், ஓய்வு நிலையில் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் பலருக்கு இயல்பாகவே இருக்கக்கூடும். இதனால், சோர்வுக்குச் சோம்பலோ மனக்கவலையோதான் காரணம் என்று பிறர் கருதிவிடுவதுண்டு. ஓய்வில் வெளிப்படாத குறைபாட்டை உழைப்பின்போது அளந்து பார்ப்பதே உடற்பயிற்சிப் பரிசோதனை.

உழைப்பின்போது தசையில் என்ன நிகழ்கிறது?

தசைச் செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி உணவிலிருந்து ஆற்றலை உருவாக்குகின்றன. இவை பழுதுபட்டால், இரத்தம் போதிய ஆக்சிஜனைக் கொண்டுவந்தாலும் தசையால் அதைப் பயன்படுத்த இயலாது. அப்போது தசை ஆக்சிஜன் தேவைப்படாத மாற்றுவழியில் ஆற்றலைப் பெற முயல்வதால், இரத்தத்தில் லாக்டேட் விரைவில் உயர்கிறது.

பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது?

சைக்கிள் பரிசோதனை: நிலையான சைக்கிளை நீங்கள் மிதிக்கும்போது சுமை படிப்படியாகக் கூட்டப்படும். மிதிக்கும் நேரம் பெரும்பாலும் 8 முதல் 12 நிமிடங்கள். முகமூடி வழியாக, நீங்கள் உள்ளிழுக்கும் ஆக்சிஜனும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடும் அளக்கப்படும். இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் தொடர்ந்து கண்காணிக்கப்படும். லாக்டேட் அளவை அறிய இரத்தமும் எடுக்கப்படலாம்.

முன்கைப் பரிசோதனை: கைப்பிடிக் கருவியைச் சில நிமிடங்கள் சீராக அழுத்தி அழுத்தி விட வேண்டும். அதே கையின் சிரையிலிருந்து இரத்தம் எடுக்கப்படும். இயல்பான தசை ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் சிரை இரத்தத்தில் அதன் அளவு நன்கு குறையும்; பாதிக்கப்பட்ட தசையில் போதுமான அளவு குறையாது. மிதிக்க இயலாதவர்களுக்கு இது ஏற்றது.

பரிசோதனைக்கு முன்

• முந்தைய நாளில் கடின உழைப்பைத் தவிர்க்கவும்.
• நீண்ட நேரம் பட்டினி இருக்க வேண்டாம். எப்போது, எவ்வளவு உண்ணலாம் என்று மருத்துவமனையில் கேட்டறியவும்.
• உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டு செல்லவும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் லாக்டேட் அளவையும், பீட்டா தடுப்பு மருந்துகள் இதயத்துடிப்பையும் மாற்றக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் எம்மருந்தையும் நிறுத்த வேண்டாம்.
• மயக்கம், நெஞ்சுவலி, இதயத் துடிப்புக் கோளாறு, பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.
• காய்ச்சலோ நோய்த்தொற்றோ இருந்தால் வேறு நாள் கேட்கவும்.
• வீடு திரும்பத் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லவும்.

முடிவுகள் எதை உணர்த்துகின்றன?

உழைப்பின் உச்சத்தில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் குறைந்திருப்பது முதல் தடயம். ஆனால், நெடுநாள் உடலுழைப்பு இல்லாதவர்களுக்கும் இதய, நுரையீரல் நோயாளிகளுக்கும் இது குறையலாம். ஆகவே பிற அளவீடுகளும் சேர்த்துப் பார்க்கப்படும். சாதாரணமாக, உடல் ஒரு லிட்டர் கூடுதல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது இதயம் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைக் கூடுதலாக வெளியேற்றும். மைட்டோகாண்ட்ரியா தசை நோயில் இதயமும் நுரையீரலும் தேவைக்கு மிஞ்சி உழைக்கின்றன. தசை பயன்படுத்தும் ஆக்சிஜனோ குறைவாகவே இருக்கும். மாறாக, மெக்கார்டில் நோயில் முன்கைப் பயிற்சிக்குப் பின் லாக்டேட் உயர்வதில்லை. இவ்வேறுபாடு மருத்துவருக்கு உதவும்.

இப்பரிசோதனை மட்டும் நோயை உறுதிசெய்யாது. முடிவு இயல்பாக இருந்தாலும் லேசான பாதிப்பு இல்லை என்று கூறிவிட முடியாது. உறுதிசெய்ய மரபணுப் பரிசோதனையோ தசைத் திசு ஆய்வோ, சில வேளைகளில் இரண்டுமோ தேவைப்படும்.

கவனத்தில் கொள்க

இது தேர்ச்சி பெற வேண்டிய தேர்வு அன்று. விரைவில் சோர்ந்து நிறுத்துவதும் பயனுள்ள தகவலே. நெஞ்சுவலி, தலைச்சுற்றல் தோன்றினால் உடனே கூறவும். பின்னர் ஓரிரு நாள் சோர்வு நீடிக்கலாம். கடும் தசைவலியோ கருமை நிறச் சிறுநீரோ காணப்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும்.

நோய் உறுதியானாலும் உடற்பயிற்சியை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. மருத்துவரின் வழிகாட்டலில் செய்யும் மிதமான பயிற்சி பலருக்கு உடல்திறனை உயர்த்துகிறது. எவ்வளவு பயிற்சி பாதுகாப்பானது என்று தீர்மானிக்கவும் இப்பரிசோதனையின் அளவீடுகள் உதவும்.