கதிரடிக்கும் இயந்திரம் தந்த ஆலைத்தச்சர்



கதிரடிக்கும் இயந்திரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை முதன்முதலில் நல்லபடியாக ஓட வைத்தவர் யார் தெரியுமா? ஸ்காட்லாந்து நாட்டில் 1719-இல் பிறந்த ஆண்ட்ரூ மீக்கில். அவர் ஓர் ஆலைத்தச்சர்.

அந்தக் காலத்து ஆலைத்தச்சருக்கு உளி பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாதுங்க. ஓடையில் எவ்வளவு தண்ணீர் வருது, எத்தனை அடி உயரத்திலிருந்து விழுது என்று அளக்கணும். அதற்கேற்ற சக்கரம் செய்யணும். கொல்லர் வேலையும் கொஞ்சம் தெரியணும். ஓர் ஓடைக்குச் செய்த சக்கரம் இன்னோர் ஓடைக்குப் பொருந்தாது. ஆகவே கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஆலை இருக்கும் இடத்திலேயே தங்கி வேலை செய்தார்கள்.

மீக்கிலுக்கு முன்பும் சிலர் கதிரடிக்க இயந்திரம் செய்து பார்த்தார்கள். தேய்த்துப் பிரித்தால் தானியம் நசுங்கிப் போச்சு. மீக்கில் 1786-இல் புதுவழி கண்டார். கதிர்க்கட்டை இரண்டு உருளைகள் உள்ளே இழுக்கும். வேகமாகச் சுழலும் பெரிய உருளையில் பொருத்திய கட்டைகள் தானியத்தை அடித்து உதிர்க்கும். தண்ணீரோ குதிரையோ அதை ஓட்டும். இன்றைய இயந்திரங்களிலும் சுழலும் உருளைதானே கதிரடிக்குது!

1788-இல் காப்புரிமை வாங்கியும் அவருக்குப் பெரிய வருமானம் இல்லை. 1809-இல் மற்றவர்கள் நிதி திரட்டி 1500 பவுன் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 90. இரண்டு வருடத்தில் காலமானார்.

கதை அதோடு முடியவில்லை. இங்கிலாந்தில் குளிர்கால மாதங்களில் கூலியாட்களுக்குக் கஞ்சி ஊற்றியது கையால் கதிரடிக்கும் வேலைதான். இயந்திரம் வந்ததும் அது போச்சு. 1830-இல் கென்ட் பகுதியில் தொடங்கி, ஊர் ஊராக இயந்திரங்களை உடைத்தார்கள். அந்தக் கலகத்துக்காகச் சிலர் தூக்கில் தொங்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கதிரடித்த கைகளுக்கு வேறு என்ன வேலை என்று அன்றைக்கு யோசிக்காமல் விட்டதுதான் வினை. உங்கள் ஊரில் இயந்திரம் வாங்கினால், அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கே பழக்கிக் கொடுங்கள். அந்த வீட்டில் அடுப்பெரியும். அறுப்பு நேரத்தில் இயந்திரம் நின்றாலும், வெளியூர் மெக்கானிக்குக்குக் காத்திருக்காமல் உங்கள் களத்து வேலையும் நடக்கும்.