தேசிய குவாண்டம் இயக்கம்

குவாண்டம் தொழில்நுட்ப ஆராய்ச்சியையும் அதைச் சார்ந்த தொழில்களையும் நாட்டுக்குள்ளேயே வளர்க்க இந்திய அரசு வகுத்த எட்டாண்டுத் திட்டம். 2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2030-31 வரை ரூ. 6,003.65 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது.

இதன் பாதுகாப்பு முக்கியத்துவம் மறையீட்டில் இருக்கிறது. இணையத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. மறையீடு, மிகப் பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதை நம்பி நிற்கிறது. ஆற்றல் மிக்க குவாண்டம் கணினி அதை எளிதில் பிரித்துவிடும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். அத்தகைய கணினி இன்னும் உருவாகவில்லை. ஆனால் இன்று இடைமறித்துச் சேமித்து வைக்கும் செய்தியை, அக்கணினி வந்த பிறகு திறந்து படிக்கலாம். பல்லாண்டுகள் ரகசியமாக இருக்கவேண்டிய ராணுவக் கோப்புகளுக்கு ஆபத்து இப்போதே தொடங்கிவிட்டது.

இதற்கு ஒரு மாற்று, மறையீட்டுச் சாவியை ஒற்றை ஒளித்துகள்கள் வழியே அனுப்புவது. நடுவில் யாரேனும் ஒட்டுக்கேட்டால் துகளின் நிலை குலைந்து, பிழைகள் காட்டிக்கொடுத்துவிடும். சீனா 2016இல் மிசியஸ் செயற்கைக்கோளை ஏவி இதில் முந்திக்கொண்டது. இந்தியாவில் 2022இல் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமும் டெல்லி ஐ.ஐ.டி.யும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே, 100 கி.மீ.க்கு மேற்பட்ட சாதாரண வணிக ஒளியிழையிலேயே இதைச் செய்துகாட்டின. இத்தொலைவை 2,000 கி.மீ. ஆக்குவது இயக்கத்தின் இலக்கு. இயக்கத்தின் மையங்களில் தகவல் தொடர்புக்கானது சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ளது, கணினிக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், உணரிகளுக்கு மும்பை ஐ.ஐ.டி., பொருள்களுக்கு டெல்லி ஐ.ஐ.டி.

50 முதல் 1,000 கியூபிட் (குவாண்டம் கணினியின் தகவல் அலகு) வரையிலான கணினிகளை உருவாக்குவது மற்றோர் இலக்கு. மீக்கடத்திக் கியூபிட்டுகளைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் வைக்கவேண்டும். அதற்கான குளிர்விப்பான்களை உலகில் சில நிறுவனங்களே செய்கின்றன. 2024 செப்டம்பரில் அமெரிக்கா குவாண்டம் கணினிகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. இக்கருவிகளை இங்கேயே செய்யும் தொழில் வளராவிட்டால், கியூபிட் எண்ணிக்கையால் மட்டும் தற்சார்பு வராது.

ஒளித்துகள் முறை குறிப்பிட்ட இணைப்புகளையே காக்கும். கோடிக்கணக்கான கைப்பேசிகளுக்கு அது எட்டாது. அவற்றுக்குக் குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதவையாகக் கருதப்படும் புதிய கணித மறையீடுகளே வழி. அவற்றுக்கான முதல் மூன்று தரநிலைகளை அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. நம் வங்கிகளும் அரசுத் துறைகளும் இந்த மாற்றத்தை 2031 வரை தள்ளிப்போடக் கூடாது.