நறுக்கிய பழமும் நோபல் பரிசும்

விருந்தினர் வருகிறார்கள் என்றால் மதுரை வீடுகளில் பழத்தட்டு தயாராவது உண்டு. வாழைப்பழத்தை வட்டவட்டமாகவும், ஆப்பிளைப் பிறை வடிவிலும் நறுக்கி அழகாக அடுக்குவார்கள். நன்னாரி சர்பத் தம்ளரின் விளிம்பில் எலுமிச்சை வில்லை ஒன்றைச் செருகி வைப்பார்கள். சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். வாழையும் ஆப்பிளும் பழுப்பேறிக் கிடக்கும். எலுமிச்சை மட்டும் நிறம் மாறாதிருக்கும். இது ஏன்?

கத்தி பட்டதும் பழத்தின் செல்கள் உடைகின்றன. அவற்றுள் தனித்தனியே இருந்த ஃபீனால் பொருள்களும் ஒரு நொதியும் ஒன்று கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர, பழுப்பு நிறம் தோன்றுகிறது. வாழைப்பூவை நறுக்கியதும் நம் பாட்டிமார் மோர் கலந்த நீரில் போடுவது இதைத் தடுக்கத்தான். மோரின் புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. எலுமிச்சையிலோ புளிப்புடன் வேறொரு பொருளும் இருக்கிறது. அதைத் தேடிய கதைதான் சுவையானது.

சில தாவரங்கள் காயம்பட்டால் பழுப்பேறுவதும், சில ஏறாதிருப்பதும் ஏன் என்று 1920-களில் ஹாலந்தில் ஆராய்ந்தார், ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி. பழுப்பேறுவதைத் தாமதப்படுத்தும் பொருள் ஒன்று எலுமிச்சை இனச் சாற்றில் இருப்பதைக் கண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் அதைப் பிரித்தெடுத்து 1928-இல் வெளியிட்டார். அது என்னவென்று விளங்காததால், 'அறியாத சர்க்கரை' என்று பொருள்படும் வேடிக்கைப் பெயரை அவர் சூட்ட, பத்திரிகை ஆசிரியர் மறுத்துவிட்டாராம்! 'ஹெக்சூரோனிக் அமிலம்' என்ற பெயரிலேயே அது வெளியானது.

இதற்கு வெகுகாலம் முன்பே, 1747-இல், ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துச் சோதித்தார் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினர். ஆயினும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795-இல்தான். இடையில் மாண்ட மாலுமிகள் ஏராளம். பழத்தில் நோயைத் தீர்ப்பது எது என்பதும் நெடுங்காலம் விளங்கவில்லை.

1932-இல் விடை கிடைத்தது. ஆப்பிள் கறுப்பதைத் தடுத்த ஹெக்சூரோனிக் அமிலமும், மாலுமியின் உயிரைக் காத்த வைட்டமின் சி-யும் ஒன்றே! 1937-இல் சென்ட்-கியோர்கி நோபல் பரிசு பெற்றார்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஓர் ஆப்பிளை மூன்று துண்டாக்கி, ஒன்றை அப்படியே வையுங்கள். ஒன்றில் மோரையும் மற்றொன்றில் எலுமிச்சைச் சாற்றையும் தடவுங்கள். எது முந்திக் கறுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நறுக்கிய பழம் காற்றில் கிடக்கக் கிடக்க அதிலுள்ள வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். ஆகவே பரிமாறும் நேரத்தில் நறுக்குங்கள். விளிம்பில் செருகிய எலுமிச்சையை அழகுக்கென்று ஒதுக்கிவிடாமல் சர்பத்தில் பிழிந்து குடியுங்கள். அழகும் நலமும் ஒன்றாகவே கிட்டும்.