வீட்டுக்குள் ஒரு பாலம்: குரல் உதவியாளரும் உள்ளூர்க் கட்டுப்பாடும்

அமேசான் நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய 'எக்கோ' கருவியிடம் விளக்கை அணைக்கச் சொன்னால், அக்கட்டளை பெரும்பாலும் நீண்ட தூரம் பயணம் செய்கிறது. பேச்சு இணையம் வழியாக அமேசானின் கணினிகளுக்கும், அங்கிருந்து விளக்கைத் தயாரித்த நிறுவனத்தின் கணினிகளுக்கும் சென்று, பின்னரே வீடு திரும்புகிறது.

இதிலுள்ள ஆபத்து 2022 ஏப்ரலில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் வழங்கிக் கணினிகள் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. பணம் கொடுத்து வாங்கிய கருவிகளைச் செயலி மூலமோ குரல் மூலமோ இயக்க வாடிக்கையாளர்களால் முடியவில்லை. ஆனால், வீட்டிலேயே இயங்கும் மென்பொருளுடன் அவற்றை இணைத்திருந்தவர்கள் தொடர்ந்து பயன்படுத்தினர்.

பாலம் இயங்கும் விதம்

அத்தகைய மென்பொருள்களில் ஒன்று, 2013 இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய 'ஹோம் அசிஸ்டன்ட்'. 'பிலிப்ஸ் ஹியூ' விளக்குகளை இயக்கும் பாலக் கருவியைப் போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும் வசதி இதில் உண்டு. ஹியூ பாலத்துடன் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேச எக்கோவுக்குத் தெரியும். எனவே கருவிகளைத் தேடுமாறு எக்கோவைப் பணித்தால், உரிமையாளர் தெரிவுசெய்த சாதனங்கள் யாவும் விளக்குகளாகவே அதற்குத் தோன்றும். அதன் பின், கட்டளை எக்கோவிலிருந்து நேரடியாக வீட்டுக் கணினியைச் சென்றடையும்.

இதற்கு இரு கருவிகளும் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டும். கணினியின் ஐ.பி. முகவரியும் மாறாததாக இருக்க வேண்டும். மாறினால் இணைப்பு அறுந்துவிடும். போடுதல், அணைத்தல், அளவைக் கூட்டிக் குறைத்தல் போன்ற விளக்குக்குரிய கட்டளைகளே இவ்வழியில் செல்லும். இது மறையாக்கம் செய்யப்படாத வழி என்பதால், கதவுப் பூட்டுகளை இதில் சேர்க்காதிருப்பதே நல்லது.

எஞ்சியுள்ள கேள்வி

எனினும் இது முழுமையான விடுதலை அல்ல. பேச்சைப் புரிந்துகொள்ளும் பணி இன்னமும் அமேசானின் கணினிகளிலேயே நடக்கிறது. இணையம் துண்டிக்கப்பட்டால், பாலம் இருந்தும் எக்கோவால் பொதுவாகக் கட்டளையைப் புரிந்துகொள்ள முடியாது. குரல் பதிவுகளை அனுப்பாதிருக்கச் சில எக்கோ கருவிகளில் இருந்த தெரிவையும் அமேசான் 2025 மார்ச்சில் விலக்கிக்கொண்டது.

பேச்சையும் வீட்டிலேயே புரிந்துகொள்ளச் செய்வது இதற்கான ஒரு மாற்று வழி. அந்நோக்கில் ஹோம் அசிஸ்டன்ட் தரப்பு 2024 டிசம்பரில் தனது சொந்தக் குரல் கருவியை வெளியிட்டது. ஆனால் இதற்கு வீட்டுக் கணினி போதிய வலுவுடையதாக இருக்க வேண்டும்.

பாலம் கட்டளையின் பாதையை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. கட்டளையைக் கேட்கும் காது யாருடையது என்பதை அது மாற்றுவதில்லை.