அமெரிக்க நாட்டார் இசைக் களப்பதிவுகளும் பாடகரின் உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1890 முதல் மேற்கொள்ளப்பட்ட நாட்டார் இசைக் களப்பதிவுகள், அழிந்துகொண்டிருந்த மரபைக் காத்த முயற்சிகளாகவே பெரும்பாலும் போற்றப்பட்டு வந்துள்ளன. பதிவுக் கருவியின் எல்லை, சேகரிப்பாளரின் தெரிவு, சிறைச்சூழலின் அதிகார உறவு ஆகியன அப்பதிவுகளின் உள்ளடக்கத்தை எவ்வாறு தீர்மானித்தன என்பதையும், பதிவான பாடலின் உரிமை யாரிடம் சென்று சேர்ந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. லோமாக்ஸ் தந்தை மகன் இருவரின் சிறைப்பதிவுகளும் கோஹோமா மாவட்ட ஆய்வும் இதற்கு முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: களப்பதிவு, நாட்டார் இசை, லோமாக்ஸ், லெட் பெல்லி, பதிப்புரிமை, ஒலி ஆவணக்காப்பகம்

முன்னுரை

கள ஆய்வாளருக்குப் பாடலையோ கதையையோ வழங்குபவரைத் ‘தகவலாளி’ என்று குறிப்பது தமிழ் நாட்டார் வழக்காற்றியலில் நிலைபெற்ற வழக்கு. சொல் வசதியானது, ஆயினும் அது பாடுபவரைத் தகவலின் ஊற்றாக மட்டுமே காட்டுகிறது. அவர் ஒரு கலைஞர், தம் பாடலுக்கு உரியவர் என்னும் உண்மை அச்சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. இம்மறைவு ஒரு நாட்டின் ஒலி ஆவண வரலாற்றில் எத்தகைய விளைவுகளை ஏற்படுத்தியது என்பதற்கு அமெரிக்கக் களப்பதிவுகள் தெளிவான சான்றாகும். பாடியவர் யார், பதிந்தவர் யார், பின்னர் அப்பாடலால் பயன்பெற்றவர் யார் என்பவற்றுக்கு அங்கே எழுத்துச் சான்றுகள் பெருமளவில் எஞ்சியுள்ளன.

மெழுகு உருளைகளின் காலம்

1890 மார்ச் மாதத்தில் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்னும் ஆய்வாளர் மேய்ன் மாநிலத்தின் கேலே நகருக்குச் சென்று, பாசமகுவாடிப் பழங்குடியினரின் பாடல்களையும் கதைகளையும் எடிசனின் மெழுகு உருளைக் கருவியில் பதிவு செய்தார். தென்மேற்குப் பகுதியின் பழங்குடியினரிடையே மேற்கொள்ளவிருந்த பெரும் பயணத்துக்கு முன் கருவியைச் சோதித்துப் பார்ப்பதே அவர் நோக்கம். மூன்று நாள் சோதனையாக முடிந்த அப்பணி, இன்று கிடைப்பனவற்றுள் உலகின் மிகப் பழைய களப்பதிவாகக் கருதப்படுகிறது. நோயல் ஜோசஃப்ஸ், பீட்டர் செல்மோர் ஆகியோர் அன்று பாடினர்.

ஓர் உருளை சில நிமிடங்களையே தாங்கும். இரவு முழுவதும் நீளும் சடங்குப் பாடலும், ஆடலோடு கூடிய பாடலும் அந்த அளவுக்குள் வெட்டப்பட்டன. கருவியின் ஊதுகுழலுக்கு நேரே வாய்வைத்துப் பாடும் ஒற்றைக் குரலே தெளிவாகப் பதிந்தது, கூட்டுக்குரல் பதியவில்லை. ஆகவே ‘நாட்டார் பாடல்’ என்று ஆவணத்தில் நிற்பது, தொடக்கத்திலிருந்தே கருவி அனுமதித்த பாடல்தான்.

1928இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இசைப்பிரிவில் ‘அமெரிக்க நாட்டார் பாடல் ஆவணக்காப்பகம்’ நிறுவப்பட்டு, ராபர்ட் வின்ஸ்லோ கார்டன் அதன் முதல் தலைவரானார். அதற்கு முன் இதழ் ஒன்றில் பழம்பாடல் பத்தியை நடத்திய அவர், வாசகர் அனுப்பிய பாடல்களைத் தொகுத்தவர். கலிபோர்னியத் துறைமுகங்களிலும் ஜார்ஜியக் கடற்கரையிலும் உருளைகளோடு அலைந்தவர். ஆயினும் ஆவணக்காப்பகத்தின் முகமாக வரலாற்றில் நின்றவர்கள் அவருக்குப் பின் வந்த லோமாக்ஸ் குடும்பத்தினரே.

சிறைவாயிலில் பதிவுக் கருவி

கௌபாய்ப் பாடல்களின் தொகுப்பை 1910இலேயே வெளியிட்டுப் புகழ்பெற்றிருந்த ஜான் லோமாக்ஸ், 1933 கோடையில் தம் 18 வயது மகன் ஆலனோடு தென்மாநிலங்களுக்குப் புறப்பட்டார். பயணத்தின் இடையில் அவர்களுக்குக் கிடைத்த தட்டுப்பதிவுக் கருவியின் எடை 315 பவுண்டு, ஏறத்தாழ 140 கிலோ. காரின் பின்பகுதியில் ஏற்றிச் செல்லப்பட்ட அக்கருவி அலுமினியத் தட்டுகளில் ஒலியைப் பொறித்தது.

அவர்கள் தேடிச் சென்ற இடம் சிற்றூர்த் திண்ணை அன்று, சிறைச்சாலை. நீண்ட தண்டனை பெற்ற கருப்பினக் கைதிகள் வானொலியிலிருந்தும் ஜாஸ் இசையிலிருந்தும் வெள்ளையர் தொடர்பிலிருந்தும் விலகியிருப்பதால், பழைய பாடல்கள் அங்கே கலப்பின்றி இருக்கும் என்பது ஜான் லோமாக்ஸின் கருதுகோள். இக்கருதுகோளில் ஓரளவு உண்மை உண்டு. அடிமைமுறைக் காலத் தோட்ட உழைப்பின் அமைப்பைச் சிறைப்பண்ணைகள் ஏறத்தாழ அப்படியே தொடர்ந்தன. கோடரியும் மண்வெட்டியும் ஒரே தாளத்தில் விழ வேண்டிய இடத்தில், தலைவன் ஒருவன் எடுத்துக்கொடுக்கக் குழு மறுமொழி பாடும் வேலைப்பாட்டு உயிரோடிருந்தது. தாளம் தவறினால் அருகில் நிற்பவனின் கால் வெட்டுப்படும். மெதுவாக உழைப்பவன் தனியே அடையாளம் காணப்பட்டுத் தண்டிக்கப்படாமல் குழுவின் வேகத்துக்குள் மறைந்துகொள்ளவும் பாட்டு உதவியது. பாடலின் தொன்மையைக் காத்தது தனிமை என்று சேகரிப்பாளர் கருதினர். அதைக் காத்தது கட்டாய உழைப்பு என்பதே பொருந்தும்.

சிறையில் ஒருவர் பாட இசைவது எத்தகைய இசைவு என்னும் வினாவும் இங்கே எழுகிறது. நாஷ்வில் சிறையில் ‘பிளாக் சாம்சன்’ என்றழைக்கப்பட்ட கைதி, சமயப்பற்றின் காரணமாக உலகியல் பாடலைப் பாட மறுத்தார். சிறை அதிகாரியின் சொல்லுக்குப் பின்னரே ஒலிவாங்கியின் முன் நின்றார். தாம் செய்யப்போவதற்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டிவிட்டே பாடினார். இந்நிகழ்வை லோமாக்ஸ் தரப்பினரே பதிவு செய்துள்ளனர் என்பது கருதத்தக்கது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய செய்தியாக அது அவர்களுக்குத் தோன்றவில்லை என்பதே அக்கால மனநிலையை விளக்கப் போதுமானது.

லெட் பெல்லி: கண்டெடுக்கப்பட்டவரும் கண்டெடுத்தவரும்

1933 ஜூலையில் லூசியானாவின் அங்கோலா சிறையில் ‘லெட் பெல்லி’ எனப்பட்ட ஹியூடி லெட்பெட்டரை அவர்கள் சந்தித்தனர். பன்னிரு நரம்புக் கிட்டாரோடு எண்ணற்ற பாடல்களை நினைவில் வைத்திருந்த அவர், 1934 ஆகஸ்டில் விடுதலையானார். ஆளுநர் ஓ. கே. ஆலனுக்கு வேண்டுகோளாகப் பதியப்பட்ட பாடலே விடுதலைக்குக் காரணம் என்னும் கதை பரவியது. உண்மையில் அவர் நன்னடத்தைக்கான தண்டனைக் குறைப்பின்படி வெளிவந்தார். ஆயின் அக்கதைக்கு ஒரு வேர் இருந்தது. டெக்சஸ் சிறையில் இருந்தபோது ஆளுநர் பாட் நெஃப் முன்னிலையில் பாடி, 1925இல் அவர் மன்னிப்புப் பெற்றிருந்தார்.

விடுதலைக்குப் பின் லெட் பெல்லி, ஜான் லோமாக்ஸுக்குக் கார் ஓட்டுநராகவும் பிற சிறைகளில் பதிவு உதவியாளராகவும் பணிபுரிந்தார். 1935இல் வெளிவந்த செய்திப்படம் ஒன்று அவரைச் சிறையுடையில் நடிக்கவைத்து, தம்மை ஆதரித்த வெள்ளையரிடம் பணிந்து வேலை கேட்பவராகக் காட்டியது. நிகழ்ச்சி வருவாயில் முதலில் பாதியும், ஆலனும் ஒப்பந்தத்தில் சேர்ந்தபின் மூன்றில் இரு பங்கும் லோமாக்ஸ் தரப்புக்குச் சென்றன. அதே ஆண்டு மார்ச்சில் ஜான் லோமாக்ஸோடு அவர் உறவு முறிந்தது. ஆலன் மட்டும் நெடுங்காலம் நட்புப் பாராட்டினார்.

லெட் பெல்லியின் பாடல்களுள் மிகவும் அறியப்பட்ட ‘குட்நைட், ஐரீன்’ இங்குத் தனியே நோக்கத்தக்கது. தம் சிற்றப்பனிடமிருந்து அதைக் கற்றதாக அவர் கூறினார். ஆனால் கஸ்ஸி டேவிஸ் என்னும் கருப்பினப் பாடலாசிரியர் 1886இல் இதே பெயர் அமைப்பில் அச்சிட்ட பாடலே இதன் மூலமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். வணிகச் சந்தையில் அச்சுத்தாளாக விற்ற பாடல், வாய்மொழியில் கலந்து, சிறைவரை சென்று, அங்கே ‘தூய நாட்டார் பாடல்’ என்று பதிவாயிற்று. 1949 டிசம்பரில் லெட் பெல்லி வறுமையில் இறந்தார். மறு ஆண்டே வீவர்ஸ் குழு பாடிய ஐரீன், விற்பனைப் பட்டியலில் 13 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ஆசிரியர் பெயராக லெட்பெட்டரோடு ஜான் லோமாக்ஸின் பெயரும் இடம்பெற்றிருந்தது. இருவரும் அப்போது உயிரோடில்லை. டேவிஸ் பெயரை யாரும் நினைக்கவுமில்லை.

கோஹோமா ஆய்வும் மறைந்த கையெழுத்துப்படியும்

1940 ஏப்ரலில் மிசிசிப்பியின் நாட்செஸ் நகர நடன அரங்கில் நிகழ்ந்த தீ விபத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கருப்பின மக்கள் மாண்டனர். அத்துயரம் குறித்து எழும் புதிய பாடல்களைச் சேகரிக்க வேண்டுமென்று ஃபிஸ்க் பல்கலைக்கழக இசைப் பேராசிரியர் ஜான் வெஸ்லி வொர்க் எண்ணினார். அவர் எண்ணத்திலிருந்து வளர்ந்ததே, ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் காங்கிரஸ் நூலகமும் இணைந்து 1941, 1942ஆம் ஆண்டுகளில் நடத்திய கோஹோமா மாவட்ட ஆய்வு. வொர்க், சமூகவியலாளர் லூயிஸ் ஜோன்ஸ், ஆய்வு மாணவர் சாமுவேல் ஆடம்ஸ் ஆகிய மூவரும் கருப்பினத்தவர். நூலகத்தின் சார்பில் ஆலன் லோமாக்ஸ் பங்கேற்றார்.

இவ்வாய்வின் சிறப்பு, பழையதை மட்டும் தேடாமல் மக்கள் அன்று உண்மையில் எதைக் கேட்டனர் என்று வினவியது. கிளார்க்ஸ்டேல் கேளிக்கை விடுதிகளின் இசைப்பெட்டிகளில் இருந்த தட்டுகளை ஜோன்ஸ் பட்டியலிட்டார். கவுண்ட் பேஸி, லூயிஸ் ஜோர்டான் போன்ற நகர்ப்புறக் கலைஞர் அவற்றில் நிறைந்திருந்தனர். 1941 ஆகஸ்டில் ஸ்டோவால் பண்ணையில் வொர்க்கும் லோமாக்ஸும் பதிவுசெய்த டிராக்டர் ஓட்டுநர் மக்கின்லி மோர்கன்ஃபீல்டு, பின்னாளில் மடி வாட்டர்ஸ் என்று உலகறிந்தவர். அவர் தமக்குத் தெரிந்த பாடல்களாகக் குறிப்பிட்டவற்றில் ஜீன் ஆட்ரியின் திரைப்படக் கௌபாய்ப் பாடல்களும் ‘சட்டனூகா சூ சூ’வும் அடங்கும். தட்டில் பதிந்தவை புளூஸ் பாடல்களே. தெரிவு என்பது விட்டுவிடுதலும் ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மடி வாட்டர்ஸுக்கோ அப்பதிவு வேறு வகையில் பயன்பட்டது. 20 டாலரோடு வந்த தட்டின் படியொன்றை உள்ளூர் இசைப்பெட்டியில் இட்டுத் தம் குரலைத் தாமே கேட்டார். 1943இல் சிகாகோ சென்றார்.

வொர்க்கும் உடனிருந்த ஆய்வாளரும் எழுதிய கையெழுத்துப்படிகள் அச்சேறாமல் காணாமற்போயின. ஆலன் லோமாக்ஸ் 1993இல் வெளியிட்ட ‘புளூஸ் பிறந்த நிலம்’ பரிசு பெற்றது. அதில் வொர்க்கின் பங்கு ஒதுங்கியே நிற்கிறது. கையெழுத்துப்படிகள் மீட்கப்பட்டு நூலானது 2005இல்தான். பாடகர் மட்டுமன்றி, கருப்பின ஆய்வாளரும் தகவலாளியின் இடத்துக்கே தள்ளப்பட்டனர் என்று கூறுவது மிகையாகாது.

இதற்கு மாறான ஒரு முறையியலை எழுத்தாளரும் மானிடவியலாளருமான ஜோரா நீல் ஹர்ஸ்டன் முன்வைத்தார். 1939இல் புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் அவரே பாடகராக அமர்ந்து பாடிய பதிவில், பாடலைத் தாம் கற்கும் முறையை விளக்குகிறார். கூட்டத்தோடு சேர்ந்து பாடிப் பழகி, பின் அவர்களுக்கே பாடிக்காட்டி, சரியாக அமைந்தது என்று அவர்கள் ஏற்கும்வரை திரும்பப் பாடுவது அம்முறை. பாடல் முழுமையாகப் பெறப்பட்டதா என்பதை இங்கே முடிவு செய்பவர் பாடுவோரே, கருவி அன்று.

பதிவின் பயனும் உருளைகளின் மீள்வரவும்

1959இல் ஆலன் லோமாக்ஸ் மீண்டும் மிசிசிப்பிச் சிறைக்குச் சென்றபோது, விறகு வெட்டிக்கொண்டிருந்த கைதிகளின் ‘போ லாசரஸ்’ பாட்டைப் பதிவு செய்தார். முன்னின்று பாடியவர் ஜேம்ஸ் கார்ட்டர். 2000இல் வெளிவந்த கோயன் சகோதரர்களின் திரைப்படத்தில் அப்பதிவு இடம்பெற, அப்படத்தின் இசைத்தொகுப்பு பல இலட்சம் படிகள் விற்று, 2002இல் கிராமி விருதையும் வென்றது. லோமாக்ஸ் ஆவணக்காப்பகத்தினரும் தயாரிப்பாளர் தரப்பினரும் கார்ட்டரைத் தேடிச் சிகாகோவில் கண்டு, 20,000 டாலர் உரிமத்தொகையை வழங்கினர். நாற்பதாண்டுகளுக்கு முந்தைய அப்பதிவு அவர் நினைவிலிருந்து ஏறத்தாழ மறைந்திருந்தது. அவர் 2003இல் இறந்தார். உரியவரைத் தேடிக் கொடுத்தது பாராட்டத்தக்கதே. ஆனால் கோடரி பிடித்து உடன் பாடிய குழுவினரின் குரல் அத்தட்டில் உள்ளது, அவர்களுக்குரிய பங்கு இல்லை. கூட்டாகப் பாடப்படும் பாட்டைத் தனியொருவர் படைப்பாகவே காணும் பதிப்புரிமைச் சட்டத்துக்கு, அழைப்பும் மறுமொழியுமாக அமைந்த கலையை அளக்கும் கோல் இல்லை.

பழங்குடி உருளைகளின் வரலாறு வேறு திசையில் திரும்பியது. ஃபியூக்ஸின் பாசமகுவாடிப் பதிவுகள் ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்திலிருந்து 1970இல் காங்கிரஸ் நூலகத்தை அடைந்தன. 1979இல் தொடங்கிய கூட்டரசு உருளைத் திட்டம், அவற்றை ஒலிநாடாவில் படியெடுத்து உரிய சமூகத்துக்கு அனுப்பியது. இரைச்சல் மிகுந்த அப்படிகளில் சொற்களைப் பிரித்தறிவது கடினமாக இருந்தது. பின்னர் எண்மமுறையில் தூய்மை செய்யப்பட்டபோது, டுவெய்ன் டோமா உள்ளிட்ட மொழிக்காவலர்கள் மீண்டும் மீண்டும் கேட்டுச் சொற்களை எழுதியெடுத்தனர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அமைதியில் கிடந்த பாடல்களைப் பொது அரங்கில் பாடினர்.

2018இல் நூலகம் அவற்றை இணையத்தில் வெளியிட்டபோது, விளக்கக்குறிப்புகளைச் சமூகத்தினர் தம் மொழியிலேயே அமைத்தனர். ஒவ்வொரு பதிவையும் யார், எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைச் சுட்டும் மரபறிவு அடையாளங்களையும் இணைத்தனர். அவற்றுள் ஒன்று ‘மா யுத் மொனுவாசியூ’. ‘இது விற்கப்படுவதில்லை’ என்பது அதன் பொருள்.